மணியோசை வரும் பின்னே

அந்தக் கறுப்பு ஒயர் மட்டும் அன்றைக்குத் தன் கண்ணில் படாமல் இருந்திருந்தால்... என்று அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

லாரிக் கதவுகளை அடித்து வெளியே தள்ளுகிற பட்டறை அது. பதினோரு பிரஸ்கள், ஒவ்வொன்றும் ஒரு மாடி உயரம். ஒன்று இறங்கினால் தரை அதிரும். அந்த அதிர்வு அடங்குவதற்குள் அடுத்தது இறங்கும். வேலையாட்கள் எல்லோரும் காதுக்குக் கவசம் மாட்டியிருந்தார்கள். ஏழாவது பிரஸ்ஸில் அச்சு மாற்றுகிறவன் மட்டும் கவசத்துக்குள் வேறு எதையோ ஒளித்து வைத்திருந்தான். அதன் விளிம்பிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கழுத்தோடு இறங்கிச் சட்டைப் பைக்குள் போயிற்று. அவன் தலை ஆடிக்கொண்டிருந்தது... பிரஸ்ஸின் தாளத்துக்கு இல்லை, வேறு எதற்கோ.

அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு சோதனை வேனில் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், அங்கே இருக்கிறவர்களுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து எழுதிக் கொடுக்கிற வேலை. 'காதுக்காரி வந்துட்டா' என்று பட்டறையில் கிண்டல் செய்வது அவளுக்கும் தெரியும். புது உத்தியோகம், புதுக் கண்டிப்பு. நேராகப் போய் அவன் தோளைத் தட்டினாள்.

அவன் கவசத்தை ஒரு பக்கம் தூக்கினான்.

"உள்ள என்ன?"

"பாட்டுங்க."

"இந்த இரைச்சல்ல பாட்டு கேக்கணும்னா இதவிடச் சத்தமா வெக்கணும். அப்புறம் கவசம் எதுக்கு? கழட்டி ஆணியில மாட்டிட்டு நிம்மதியா வேலை பாக்கலாமே."

"கவசம் பிரஸ்ஸுக்கு, டாக்டரம்மா. பாட்டு எனக்கு."

"நான் டாக்டர் இல்ல."

"சரிங்க, டாக்டரம்மா."

வார்த்தை காதில் விழாவிட்டாலும் நடப்பது புரிந்து, பக்கத்து பிரஸ்ஸில் இரண்டு பேர் பல்லைக் காட்டினார்கள். அவனுக்கு அங்கே 'இடி' என்று பெயர் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம், நெற்றியில் கிரீஸ் கோடு, அதற்குக் கீழே சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்... அவ்வளவுதான். அவள் கையை நீட்டினாள்.

"குடுங்க. எவ்வளவு சத்தம் வெச்சிருக்கீங்கன்னு அளக்கணும்."

தூங்குகிற குழந்தையைக் கை மாற்றுவதுபோல அவன் அந்தச் சின்ன டேப் பிளேயரை எடுத்துக் கொடுத்தான்.

வேனில் அளந்து பார்த்தாள். முள் சிவப்புக்குப் போய்விட்டது. எண்ணை எழுதிக்கொண்டாள். அதோடு வேலை முடிந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லையே... இப்படி உயிரை விட்டுக் கேட்கிறானே, அப்படி என்னதான் பாட்டு என்று ஒயரைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

முதல் நொடியில், யாரோ ஒரு பாத்திரக் கடையையே மாடிப்படியில் உருட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். நிறுத்தப் போனாள். அந்த உருட்டலுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. இரும்பின்மேல் இரும்பு விழும் சத்தம், அடிக்கு அடி தவறாமல். அதன்மேல் கிடார்... கிடார்தானா, இல்லை அரத்தால் எதையாவது ராவுகிறார்களா... அதற்கும் மேலே, குழாய்க்குள்ளிருந்து கத்துகிற மாதிரி ஒரு குரல். மொழி புரியவில்லை. கோபம் புரிந்தது. கொஞ்ச நேரம் போனதும், அது கோபம் மட்டுமில்லை என்பதும் புரிந்தது.

அவள் வளர்ந்தது சத்தமில்லாத வீட்டில். அப்பாவுக்குத் தலைவலி, கதவை மெதுவாகச் சாத்து. அக்கா படிக்கிறாள், குரலை இறக்கு. தேடிப் பிடித்த வேலையும் சத்தத்துக்குப் பகை. இருபத்தைந்து வயது வரைக்கும் அவள் யாரையும் பார்த்து ஒரு முறைகூடக் கத்தியதில்லை. அந்தக் குரல் அவளுக்கும் சேர்த்துக் கத்தியது.

ஆறாவது பாட்டு ஏழு நிமிடம். ஏழு நிமிடமும் அடிதான், இடிதான். முடிகிற இடத்தில் எல்லாம் சட்டென்று நின்று... மிக உயரத்தில், மிக மெல்லிதாக, ஒரு மணி. நாலே நாலு முறை. அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். நல்லவேளை, வேனில் வேறு யாரும் இல்லை.

மதிய இடைவேளையில் பிளேயரைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள்.

"அளந்துட்டேன். ரொம்ப அதிகம். இப்படியே போனா நாப்பது வயசுல யார் என்ன பேசினாலும் 'என்னது, என்னது'ன்னுதான் கேப்பீங்க."

"பாட்டக் கேட்டீங்களா?"

"அளந்தேன்னு சொன்னேன்."

அவன் பிளேயரைத் திறந்து டேப்பைப் பார்த்தான். "அளக்க ஒரு நிமிஷம் போதும். டேப்பு ஆறாவது பாட்டு முடியற வரைக்கும் ஓடியிருக்கே."

அவள் பார்வையைத் தரைக்கு இறக்கினாள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை.

"மணி அடிச்சுதா?" அவன் குரல் இறங்கியிருந்தது.

"...ம்."

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேம்பாங்க. இதுல தலைகீழ். யானைக் கூட்டமே நம்மள மிதிச்சுட்டுப் போயிடும்... அப்புறம்தான் மணியோசை. பதினெட்டு வயசுல மொதமொதல்ல கேட்டேன். பஸ்ல நின்னுட்டே அழுதேன். கண்டக்டர் மிச்சச் சில்லறைக்குத்தான் அழறேன்னு நெனச்சு உடனே குடுத்துட்டார்."

அவள் சிரித்துவிட்டாள். உர்ர் முகம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவன் டேப்பை உருவி அவள் கையில் வைத்தான்.

"எடுத்துட்டுப் போங்க. நல்லாக் கேட்டுட்டுக் குடுங்க."

வீட்டில் அக்கா கதவருகே வந்து நின்றாள். "யாருடி அது, தகரக் கொட்டாயப் பிரிக்கிறது?"

"பாட்டுக்கா."

"இதுவா? யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல."

அக்கா அவள் முகத்தை ஒரு முறை பார்த்தாள். போதும். தங்கையின் கண்கள் அப்படி. பெரிய கண்கள், உள்ளே ஒன்று நடந்தால் வெளியே பறை சாற்றிவிடும். "நீ மட்டும் சீட்டாடப் போயிடாத. வீட்டையே வித்துட்டு வருவ" என்று அக்கா சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏழாவது பிரஸ்காரர்களுக்குத் திங்கட்கிழமை காலை சோதனை. ஒரு நாளாவது இரைச்சல் படாமல் ஓய்ந்த காதைத்தான் அளக்க வேண்டும் என்பதால் லீவு முடிந்த கையோடு கூப்பிடுவார்கள். வேனுக்குள் ஒரு சின்னக் கூண்டு, சத்தம் புகாத சுவர், நடுவில் ஒரு கண்ணாடி. உள்ளே இருக்கிறவர் காதில் மெல்லிய 'ப்பீப்' ஒலி கேட்கும். கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். உட்காருகிறவரைப் பக்கவாட்டில் உட்கார வைக்க வேண்டும், சோதிக்கிறவரின் கையோ முகமோ அவருக்குத் தெரியக் கூடாது. அந்த வேலையில் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித் தருகிற முதல் விஷயம் அதுதான்.

அவன் உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

"இப்படியே உக்காரலாமா, டாக்டரம்மா?"

'அந்தப் பக்கம் திரும்புங்க' என்று சொல்ல வாய் திறந்தாள். குளித்து, தலை வாரி, கிரீஸ் இல்லாத நெற்றியோடு அவன் அன்றைக்குத்தான் முதல் முறையாக எதிரே இருந்தான். வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது.

"உக்காருங்க" என்றாள்.

இருபது நிமிடம் அவன் அவளையே பார்த்தான். அவள் மெஷினைப் பார்ப்பதும், நிமிர்ந்து அவன் கேட்டானா என்று பார்ப்பதும், உடனே அந்தக் கண்களில் மாட்டிக்கொண்டு தடுமாறுவதுமாக இருந்தாள். ஒவ்வொரு ஒலிக்கும் பட்டன் அமுங்கியது. உச்சச் சுருதி ஒலிக்கும் அமுங்கியது, உயிர் போகிற மெல்லிய ஒலிக்கும் அமுங்கியது. பதினைந்து வருடம் பிரஸ்ஸுக்கு அடியில் நின்றவனுக்கு இவ்வளவு நல்ல காதா என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் சிரித்தான். தோன்றியது போய்விட்டது. 'இரு காதும் இயல்பு' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வேன் அந்த வளாகத்தில் மூன்று வாரம் நின்றது. மூன்று வாரமும் மழை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீன் பின்படியில், தகரச் சாய்ப்புக்குக் கீழே இருவரும் உட்காருவார்கள். அவன் எந்தப் பாட்டில் எதை வைத்து அடிக்கிறார்கள் என்று சொல்வான். இது எண்ணெய்ப் பீப்பாய், இது செயின், இது லிப்ட் கதவு. அவள், "இது எங்க அக்கா சமையலறையில கோவமா இருக்கிறப்ப" என்பாள். எத்தனை மெதுவாகப் பேசினாலும் அவன் அவள் உதட்டையும் கண்ணையும் பார்த்தபடியே கேட்பான். நம்மை இப்படி யாரும் கேட்டதே இல்லையே என்று அவளுக்கு உருகிப் போகும். உருகாமல் கொஞ்சம் யோசித்திருக்கலாம்... படித்த படிப்பு அதுதானே.

கடைசி நாள். மறுநாள் காலை வேன் கிளம்பி வேறு ஊருக்குப் போகிறது. சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொல்லிவிடுவான் என்று அவளும், அவள் கேட்டால் சொல்லிவிடலாம் என்று அவனும் தயாராக வந்திருந்தார்கள். ஒயரின் ஒரு முனை அவன் காதில், ஒரு முனை அவள் காதில். சாய்ப்பில் மழை தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஆறாவது பாட்டு முடிந்தது. மணி அடித்தது. அவள் சிலிர்த்து அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

தாமதம். மிகக் கொஞ்சம்தான்... அவள் பார்த்த பிறகு அசைத்தான்.

நாள் முழுக்கக் கேட்கிறதா கேட்கவில்லையா என்று மனிதர்களின் முகத்தைப் பார்த்தே பழகியவள்.

"இன்னொரு தடவை போடுங்க."

டேப்பைச் சுற்றிவிட்டு மறுபடி போட்டான். இந்த முறை மணி அடிக்கும்போது அவள் நிமிரவில்லை. டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஓரக்கண்ணில் அவன் தலை அசையவில்லை. அடித்து முடிந்து, டேப் சும்மா ஓடுகிற உஸ் சத்தம் வந்த பிறகு அவள் நிமிர்ந்தாள். உடனே தலையசைத்தான்.

"மணி உங்களுக்குக் கேக்கல" என்றாள்.

அவன் முகம் வெளுத்தது. பிடிபட்டவன் முகம் என்றுதான் அவளுக்குப் பட்டது.

"அப்ப அன்னிக்கு வேன்லயும் கேக்கல. நான் எப்ப நிமிர்றேனோ, எப்ப என் கண்ணு அசையுதோ, அப்ப பட்டன அமுக்கியிருக்கீங்க." அவள் குரல் உயர்ந்தது. வாழ்க்கையில் முதல் முறை. "அதுக்குத்தான் என்னப் பாத்தீங்களா? பாஸ் ஆகறதுக்கு?"

மழை. அவன் காதிலிருந்து ஒயரை மெதுவாக எடுத்தான்.

"கேக்கறேன்ல. அதுக்குத்தானா?"

"ஆமா" என்றான் அவன். "அதுக்குத்தான்."

பிளேயரைத் திறந்து டேப்பை எடுத்து அவள் மடியில் வைத்தான். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு இனிமே எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அந்தத் தூரத்தில் அவனுக்குக் கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

செய்ய வேண்டியது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் தாளை எடுத்து, 'மறுசோதனை தேவை' என்று ஒரு வரி எழுத வேண்டும். ஏன் என்று கீழே காரணம் எழுத வேண்டும். பக்கவாட்டில் உட்கார வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? அதற்குப் பதிலை நாலு பேர் படிப்பார்கள், நாலு பேர் சிரிப்பார்கள். என்னை முட்டாளாக்கியவனுக்காக நான் ஊர் சிரிக்க நிற்க வேண்டுமா... இரண்டு முறை பேனாவை எடுத்தாள். இரண்டு முறையும் மூடி வைத்தாள். காலையில் வேன் கிளம்பியது, தாள்கள் கட்டுக் கட்டாக ஆபீஸுக்குப் போயின, அவன் ஏழாவது பிரஸ்ஸுக்குப் போனான்.

பதினாலு வருடம். சொல்லும்போது ஒரு வார்த்தைதான்.

அவள் வேனை விட்டாள். கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் சொந்தமாக ஒரு சின்ன இடம் போட்டாள். காதுச் சோதனை, காது மெஷின். அக்கா மாப்பிள்ளை பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், கடைசியில் களைத்துப் போய்த் தன் பிள்ளைகளை வளர்க்கப் போய்விட்டாள். அந்த இசை மட்டும் அவளை விடவில்லை. அதே மாதிரி அடிக்கிற வேறு ஆட்களைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். எல்லோரும் நன்றாகத்தான் அடித்தார்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, யாரும் இல்லாத நேரத்தில், பழைய டேப்பை எடுத்துப் போடுவாள். ஐந்தாவது பாட்டோடு நிறுத்திவிடுவாள். ஆறாவதைக் கேட்கிற துணிச்சல் வரவில்லை.

ஒரு மழை நாளில், கதவுக்கு வெளியே வரவேற்பில் இருக்கிற பெண் யாரையோ மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "பதினேழாம் நம்பர்... சார், பதினேழு நீங்கதானே?"

பதில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் வருகிற இடம்தானே என்று அவளே எழுந்து வெளியே வந்தாள்.

ஜன்னலோரம் ஒருவர் மழையைப் பார்த்தபடி நின்றிருந்தார். காதோரம் நரை. முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு மழைக்குள் இறங்கிப் போனதைப் பார்த்தவளுக்கு அது போதாதா... கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். கூப்பிட முடியவில்லை. தரைப் பலகை அவள் காலடியில் அசைந்தது, அந்த அதிர்வில் அவன் திரும்பினான்.

அதே கண்கள்.

"டாக்டரம்மா" என்றான்.

"நான் டாக்டர் இல்ல" என்றாள். குரல் உடைந்தது.

"என்னது?"

அந்த ஒரு வார்த்தை அவளைக் குத்தியது. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு அவளே சொன்னதுதான். நாற்பது வயசுல 'என்னது, என்னது'ன்னு.

உள்ளே அழைத்துப் போனாள். சோதனைக் கூண்டில் நாற்காலியைத் தன் கையாலேயே திருப்பிப் போட்டாள்... அவன் முதுகு கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி. அவன் நாற்காலியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், லேசாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தான்.

தாழ்ந்த சுருதி ஒலிகளுக்குப் பட்டன் அமுங்கியது. சுருதி உயர உயர, அமுங்குவது நின்றுபோயிற்று. அவள் சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். மெஷினில் அதற்கு மேல் இல்லை என்கிற இடம் வரை போனாள். அந்த முதுகு அசையாமல் காத்துக்கொண்டிருந்தது. தாளில் கோடு பாதி வரை நேராக வந்து, அப்புறம் படிக்கட்டிலிருந்து விழுந்த மாதிரி விழுந்தது.

வெளியே வந்து உட்கார்ந்தான். அவள் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பிரஸ்லயே இருந்தீங்களா?"

"பதினோரு வருஷம். அப்புறம் ஆள் கூப்பிடறது கேக்காம ஒருத்தன் கை பிரஸ்ல மாட்டப் பாத்துச்சு. நானே வந்துட்டேன். இப்ப ஸ்டோர்ல. அங்க சத்தமே கிடையாது... இருந்தாலும் எனக்குத் தெரியப் போறதில்ல." சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"கல்யாணம்?"

"கூப்பிட்டா திரும்பிப் பாக்காதவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

அவள் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டாள். சொல்லிவிடு... பதினாலு வருடம் தொண்டையில் வைத்திருந்தது போதும். தன் உதட்டை அவன் படிப்பதற்கு வசதியாக நேராக நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு ராத்திரியே ஒரு வரி எழுதியிருந்தா உங்கள மறுபடி டெஸ்ட் பண்ணியிருப்பாங்க. பிரஸ்ஸ விட்டு மாத்தியிருப்பாங்க. இதுல பாதியாவது மிஞ்சியிருக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சே எழுதல. ஏன் நேரா உக்கார வெச்சேன்னு காரணம் கேப்பாங்க..." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதனாலதான் அந்தப் பக்கம் திரும்புங்கன்னு சொல்லல. அத எழுத வெக்கமா இருந்துச்சு. என் வெக்கத்துக்காக உங்க காத விட்டுட்டேன்."

அவன் வெகுநேரம் தாளில் விழுந்த கோட்டையே பார்த்தான்.

"அன்னிக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. பாஸ் ஆகறதுக்குத்தான் பாத்தீங்களான்னு. நான் ஆமான்னேன்."

"ம்."

"பொய்." அவன் நிமிர்ந்தான். "ஒலி கேக்குதா கேக்கலையான்னே நான் யோசிக்கல. உங்கள பாத்துட்டே இருந்தேன். நீங்க நிமிர்ந்தா, ஐயய்யோ, அமுக்க மறந்துட்டேன்போலன்னு அவசரமா அமுக்குவேன். அவ்வளவுதான் நடந்தது. எனக்குக் காது போச்சுன்னு எனக்கே தெரியாது."

"ஆனா... மணி?"

"பல வருஷமா மணி கேக்கல. கேட்டுக் கேட்டு டேப்பு தேஞ்சு போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். நீங்க 'ம்'னு சொன்னப்ப, சரி, லேசா எங்கயோ இருக்கும்போலன்னு விட்டுட்டேன். அன்னிக்குப் படியில உக்காந்து ரெண்டாவது தடவை போட்டோமே... அப்பத்தான் புரிஞ்சுது, தேஞ்சது டேப்பு இல்லன்னு."

வெளுத்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. பிடிபட்டவன் முகம் என்று நினைத்தாளே... தன் காது போய்விட்டது என்று அந்த நிமிடத்தில் தெரிந்துகொண்டவனின் முகம் அது. அந்த நிமிடத்தில்தான் அவள் கத்தினாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள் கடைசியில்.

"நீங்க கேட்ட கேள்வியில எனக்கும் வீம்பு வந்துடுச்சு. அப்புறம் டாக்டர்கிட்டப் போனா நீங்க சொன்னது சரின்னு ஆயிடும்... போகல." சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்துக் கிழியப் போகிற ஒரு தாளை எடுத்தான். அவள் கையெழுத்து. இரு காதும் இயல்பு. "பழைய ரிப்போர்ட் இருந்தா கொண்டு வாங்கன்னு போன்ல சொன்னாங்களாம், தம்பிதான் பேசினான். இது பீரோலயே இருந்துச்சு. உங்க கையெழுத்துன்னு எங்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான்."

அவள் அழுதாள். அவன் அழ விட்டான். வெளியே வரவேற்புப் பெண் பதினெட்டைக் கூப்பிட வேண்டுமா என்று கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போனாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் வேலையில் இறங்கினாள். இருக்கிறதிலேயே நல்ல மெஷினை எடுத்து, அவன் காதுக்கு ஏற்றபடி சரிசெய்து, தானே மாட்டிவிட்டாள். விரல் நரையில் பட்டது.

"இப்ப நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது." அவன் கண்கள் விரிந்தன. "குரல் மாறவே இல்லையே."

"பேச்சு நல்லாவே கேக்கும். மழையும் கேக்கும். மணி மட்டும்... அந்த உயரத்துக்கு உங்ககிட்ட நரம்பே மிச்சம் இல்ல. எந்த மெஷினும் கொண்டு வர முடியாதுன்னுதான் நெனக்கறேன்."

"டேப்பு இருக்கா?"

மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். பழைய டேப் ரெக்கார்டரை மேலே எடுத்து வைத்து ஆறாவது பாட்டைப் போட்டாள். போட்டுவிட்டு, நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இந்த முறை தவறு நடக்கக் கூடாது. தன் முகத்தைப் பார்த்து அவன் ஒன்றும் தெரிந்துகொள்ளக் கூடாது.

பதினாலு வருடம் கழித்து யானைக் கூட்டம் வந்தது. பீப்பாய், செயின், லிப்ட் கதவு. பின்னால் அவன் கால் தரையில் தாளம் போடுவது கேட்டது. அத்தனை அடியும் அவனுக்குக் கேட்கிறது. குரல் கத்தியது. இப்போது அது என்ன கத்துகிறது என்று அவளுக்கு நன்றாகவே புரிந்தது. ஏழு நிமிடம். எல்லாம் நின்றது.

மணி. ஒன்று... இரண்டு... மூன்று... நாலு.

பின்னாலிருந்து ஒரு அசைவும் இல்லை. டேப் உஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிடுச்சா?" என்றான்.

"ம்."

"அடிச்சுதா?"

"அடிச்சுது." சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "மன்னிச்சுடுங்க."

"சுத்திட்டு மறுபடி போடுங்க" என்றான். "இந்தத் தடவை இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. நான் உங்க கண்ணுல கேட்டுக்கறேன். எனக்கு அன்னிக்கும் அங்கதான் கேட்டுச்சு."

அவள் டேப்பைச் சுற்றினாள். நாற்காலியைத் திருப்பி, அவனுக்கு எதிரே, முட்டியோடு முட்டி தொடுகிற தூரத்தில் உட்கார்ந்தாள். எதையும் மறைக்கத் தெரியாத அந்தக் கண்களை விட்டு அவன் பார்வையை விலக்கவில்லை. அடியெல்லாம் அடித்து ஓய்ந்தது.

மணி அடித்தது. இந்த முறை அவன் தலை தாமதிக்கவில்லை.